வெட்டி ஒட்டிய அழுகை

பிரேக்கம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொல்பவர்கள் அவளிடம் கார் ஓட்டக் கற்காதவர்கள். கற்றவர்களுக்குத் தெரியும், அந்தக் கோபத்துக்கு மூக்கு வரை ஏறிப் போகவெல்லாம் நேரம் கிடையாது. நாக்கு நுனியிலேயே பாய் விரித்துப் படுத்திருக்கும். டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறதே, ஆபத்து வந்தால் அதை மிதித்து வண்டியை நிறுத்துவதுதான் அவள் பிழைப்பு. பெயரும் அப்படி வந்ததுதான். காலைவிட வாய்தான் அதிகம் உழைத்தது என்பது வேறு விஷயம்.

"கிளட்சை மெதுவா விடுன்னு சொன்னா, பாம்பை மிதிச்ச மாதிரி காலை உருவறியே!"

"அந்த லாரி என்ன உனக்கு மாமன் மகனா? அப்படி ஒட்டி உரசிக்கிட்டுப் போறே!"

"கண்ணாடி எதுக்கு வச்சிருக்கான்? தலை சீவவா?"

இந்தத் திட்டுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. சக்கரம் உருளும் வரைதான் திட்டு. வண்டியை ஓரம் கட்டிச் சாவியைத் திருப்பியதும் அது முடிந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டி, "சரி, விடு" என்பாள். அதற்கப்புறம் திட்டு வாங்கியவர் மெல்லத் தன் வீட்டுக் கதையை அவிழ்ப்பார். மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லாத நர்ஸ், ஆபீசில் எல்லாரையும் அதட்டிவிட்டு வீட்டில் பூனையாகிவிடும் பேங்க் மேனேஜர் என்று எத்தனையோ பேர் அந்த சீட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியிருக்கிறார்கள். வண்டிக்குள் நடந்தது வண்டிக்குள்ளேயே என்பாள்; அதில் ஒரு சொல் வெளியே போனதில்லை. வாய் நீளமே தவிர, ஓட்டை வாய் கிடையாது.

பெரிய முதலாளி முட்டிவலி என்று வீட்டோடு உட்கார்ந்ததும் அவர் மகன் ஸ்கூலை எடுத்து நடத்த வந்தான். வந்த வேகத்தில் புதுக் கார் ஒன்றை வாங்கி, அதன் முன்கண்ணாடியில் ஒரு கேமராவை ஒட்டினான். அதற்கு வெளியே ஒரு கண், உள்ளே ஒரு கண்.

"ரோட்டையும் பார்க்கும், உள்ள இருக்கறவங்களையும் பார்க்கும் அக்கா. ஓட்டறவங்க தப்புப் பண்ணினா அதுவே வாய்விட்டுச் சொல்லும். எங்கயாவது இடிச்சா நமக்கு ஆதாரம். உள்பக்கப் படம் வேண்டாம்னு யாராவது சொன்னா இந்தப் பட்டனை அமுக்குங்க, அணைஞ்சிடும்."

"தம்பி, அந்தச் சனியனை நான் தொடக்கூட மாட்டேன். உன் பொம்மை, நீயே வச்சு விளையாடு."

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். ஒரு நாள்கூட விரல் நுனியால் தொடவில்லை. அதை நினைத்து வயிறெரியும் நாள் வரும் என்று அப்போது அவளுக்கு யார் சொல்வது?

அந்தக் கேமராவுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் பேசும். செய்தி வாசிக்கும் தமிழ். "தயவுசெய்து உங்கள் தடத்தில் செல்லவும்." தடம் எங்கே இருக்கிறது? கற்றுக்கொடுக்கும் தெருக்களில் கோடே கிடையாது. தார் வெடித்த கீறல், கரண்டுக் கம்பத்தின் நிழல், யாரோ கொட்டிய சுண்ணாம்பு என்று எதைப் பார்த்தாலும் அதற்குக் கோடுதான். புதிதாக ஓட்டுகிறவர்கள் எதிரே பஸ் வந்தால் பயத்தில் கண்ணை இறுக்கி மூடுவார்கள். உடனே அது, "ஓட்டுநர் சோர்வாக உள்ளார். சற்று ஓய்வெடுக்கவும்" என்று தாலாட்டும். பஸ் மூக்குக்கு நேரே வரும்போதா ஓய்வெடுப்பது? முன்னால் ஒரு சைக்கிள் தென்பட்டால் போதும், "கவனம்! கவனம்!" என்று கீச்சிடும். அந்தக் கீச்சில் திடுக்கிட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தியவர்கள் எத்தனை பேர்! பிரேக்கம்மாவின் வலது முழங்கால் அந்த மாதங்களில்தான் தேய்ந்தது.

"யார் சொல்றதைக் கேட்கப் போறே? நானா, அவளா?" என்று அவள் கத்துவாள். ஓட்டுகிறவர் பாவம், இரண்டு பெண்களுக்கு நடுவில் மாட்டிய மருமகன் போல முழிப்பார்.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரி வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கிற சின்னக் கடை வைத்திருந்தவள். தைத்த மூட்டைகளை நான்கைந்து பள்ளிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒவ்வொரு முறையும் யார் காலிலாவது விழ வேண்டியிருந்தது. வீட்டிலேயே ஒரு டிரைவர் இருந்தார், அவள் புருஷன். ஒரு கம்பெனி அதிகாரிக்குக் கார் ஓட்டுகிறவர். ஆனால் அவர் மூட்டை ஏற்ற மாட்டார், அவளுக்குச் சொல்லித் தரவும் மாட்டார். "உன்னை ரோட்டுல விட்டா ரோடு தாங்காது" என்பது அவர் வைத்திருந்த ஒரே நகைச்சுவை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அதைத் தவறாமல் பரிமாறுவார்.

அதனால் அவள் வீட்டுக்குத் தெரியாமல் கற்றாள். மதியத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பட்டன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருவாள். வருகிற அவசரத்தில் கழுத்தில் கிடக்கும் அளவு டேப்பைக் கழற்ற மறந்துவிடுவாள். "அக்கா, லைசென்ஸை வாங்கி அவர் தட்டுல வைக்கணும். சாப்பாட்டுக்கு முன்னாடி" என்று ஒரு நாள் சொன்னாள். சொல்லும்போதே அவள் கண் பளபளத்தது. பிரேக்கம்மாவுக்கு அந்தத் தட்டைத் தானும் பார்க்க வேண்டும் போலிருந்தது.

தையல்காரிக்குப் பெரிய ரவுண்டானாதான் எமன். ஐந்து ரோடு வந்து சேரும் இடம். அதன் வாயிலில் போய் நின்றாலே என்ஜின் அணைந்துவிடும். அன்றும் அணைந்தது. பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. கேமரா வேறு, "தயவுசெய்து வாகனத்தை நகர்த்தவும்" என்று உபதேசம் செய்தது.

பிரேக்கம்மா வெடித்தாள். "தையல் மெஷினை மட்டும் அந்த மிதி மிதிக்கிறியே, இதை மிதிக்க என்ன பயம்? ஓட்டறதுன்னா ஓட்டு! இல்லேன்னா சாவியைக் குடுத்துட்டு வீட்ல போய் உட்காரு!"

தையல்காரி பல்லைக் கடித்தாள். சாவியைத் திருப்பினாள். வலப்பக்கம் பார்த்தாள், இடைவெளி கிடைத்ததும் நுழைந்தாள். ஒரு முழுச் சுற்று சுற்றினாள். வெளியேறும் ரோடு வந்தும் வெளியேறாமல் இன்னொரு சுற்றும் சுற்றினாள், தவறி அல்ல, வேண்டுமென்றே. அப்புறம் ஒரு மர நிழலில் வண்டியை நிறுத்தினாள். "இனிமே நான் பக்கத்துல உட்கார்றது அரட்டை அடிக்கத்தான்" என்றாள் பிரேக்கம்மா. அவ்வளவுதான், தையல்காரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். சிரிப்பும் அழுகையும் பிரித்தெடுக்க முடியாதபடி கலந்து வந்தன. "நானேதான் போனேன் இல்ல அக்கா? நீங்க பிரேக் மிதிக்கலை இல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மிதிக்கவில்லை என்று பிரேக்கம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அடுத்த வாரம் பஞ்சர் கடைக்காரர் தன் போனை நீட்டி, "நீங்க இப்ப பெரிய ஆளு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போனில் ஓடியது அந்தக் கார். "சாவியைக் குடுத்துட்டு வீட்ல போய் உட்காரு!" என்று அவள் கத்துகிறாள். உடனே, மூச்சுவிடும் இடைவெளிகூட இல்லாமல், தையல்காரி முகத்தைப் பொத்தி அழுகிறாள். முகத்தின் மேல் மஞ்சளாய் ஒரு சிரிப்பு உருண்டை ஒட்டியிருந்தது. பின்னால் கேலியாய் ஒரு இசை. தலைப்பு, 'பிரேக்கம்மாவிடம் சிக்கிய ஆன்ட்டி'.

நடுவில் இருந்த ரவுண்டானா இல்லை. இரண்டு சுற்றும் இல்லை. அந்தப் பெண் வாழ்க்கையில் சந்தோஷப்பட்டு அழுத ஒரே அழுகையை வெட்டியெடுத்து, அவமானத்தோடு ஒட்டித் தைத்திருந்தான் சின்ன முதலாளி. முகத்தை மறைத்தவனுக்குக் கழுத்தில் தொங்கிய டேப் கண்ணில் படவில்லை. அந்த டேப்பையும் அந்தக் குரலையும் ஊரில் சீருடை தைத்த அத்தனை வீடும் அறியும்.

பிரேக்கம்மா ஆபீசுக்குள் நுழைந்தபோது கதவு சுவரில் போய் மோதியது.

"யாரைக் கேட்டுடா போட்டே?"

"அக்கா, கூல். ஜாலிக்குத்தான். முகத்தை மறைச்சிருக்கேனே."

"அவ எதுக்கு அழுதாள்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். ஆனா அது நீளமா இருந்தது அக்கா. யாரும் பார்க்க மாட்டாங்க."

"அப்ப முழுசையும் எடு. அவ சுத்தினது, சிரிச்சது, எல்லாத்தையும் போடு!"

"அது இல்லையே. மெமரி கார்டு நிறைஞ்சா பழசை அதுவே அழிச்சிடும். நான் வெட்டினது மட்டும்தான் இருக்கு."

அவளுக்குத் தலை சுற்றியது. ஆதாரம், ஆதாரம் என்று மார்தட்டிக்கொண்டு ஒட்டிய சாமான், நடந்ததை அழித்துவிட்டுப் பொய்யை மட்டும் பத்திரமாய் வைத்திருக்கிறது! வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். படிப்பு, வளர்ப்பு, மூளை, எதையும் விட்டுவைக்கவில்லை. அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ரசித்துச் சிரித்தான்.

"இதையே வண்டிக்குள்ள சொல்லியிருந்தீங்கன்னா! போட்டதிலிருந்து எத்தனை பேர் புதுசா சேர்ந்திருக்காங்க தெரியுமா? எல்லாரும் உங்க கிட்டதான் திட்டு வாங்கணும்னு கேக்கறாங்க. எடுத்தாலும் பிரயோஜனமில்லை அக்கா, ஊர் பூரா போயிடுச்சு."

கோபத்தைக் காட்டக் காட்ட அது விற்கிறது. விற்கிறவனிடமே போய்க் கோபப்பட்டால் அவன் அதற்கும் பை நீட்டுகிறான். இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன ஆத்திரம் வேண்டும்?

மறுநாளிலிருந்து அவள் திட்டுவதை நிறுத்தினாள். வேலையை விட முடியாது, இந்த வயதில் வேறு எங்கே போவது? அதனால் வாயைக் கட்டினாள். கேமராவின் தமிழையே தானும் பேசினாள். "தயவுசெய்து இரண்டாம் கியருக்கு மாற்றவும்." "எதிரே பேருந்து வருகிறது, தாங்கள் ஒதுங்கவும்." திட்டு வாங்கும் ஆசையோடு வந்த பையன்கள் வேண்டுமென்றே என்ஜினை அணைத்துப் பார்த்தார்கள், நடைபாதை மேல் ஏற்றிப் பார்த்தார்கள். அவள் "நன்றி, பின்னால் எடுக்கவும்" என்றாள். நாக்கைக் கடித்துக் கடித்து அது புண்ணானதுதான் மிச்சம். சின்ன முதலாளி முகம் தொங்கிப் போனது. அதுகூட அவளுக்கு இனிக்கவில்லை, ஏனென்றால் தையல்காரி வரவேயில்லை. போன் எடுக்கவில்லை. லைசென்ஸ் டெஸ்ட் நாளும் வந்து போய்விட்டது.

ஒரு ஞாயிறு காலை, பாடம் முடிந்த கையோடு அந்தக் காரையே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். தையல்காரி மெஷினில் குனிந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் அவள் வீட்டுக்காரர், லீவு நாள் சட்டையில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அடடே, வாங்க மேடம்! எங்க, ஒரு திட்டு திட்டுங்க. நேர்ல கேட்டுட்டுப் போறோம்."

தையல்காரி தலையைத் தூக்கவில்லை. மெஷின் மட்டும் வேகமாய் ஓடியது.

பிரேக்கம்மா நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். ரவுண்டானாவைச் சொன்னாள், இரண்டு சுற்றைச் சொன்னாள், வெட்டி ஒட்டியதைச் சொன்னாள். "உங்க வீட்டம்மா பயந்து அழலை சார். ஜெயிச்சு அழுதாங்க. பக்கத்துல இருந்த நான் சொல்றேன்."

"நீங்க சொல்வீங்க. நான் கண்ணால பார்த்தேன் இல்ல? கேமரா எதுக்குப் பொய் சொல்லப் போகுது? எங்க டிரைவர்ங்க அத்தனை பேரும் பார்த்தாங்க. என் முன்னாடியே போட்டுக் காட்டிச் சிரிச்சாங்க. என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது? திருட்டுத்தனமா போனா இப்படித்தான் சந்தி சிரிக்கும்."

பிரேக்கம்மாவுக்கு ரத்தம் உச்சிக்கு ஏறியது. திட்டவில்லை. காரின் கதவைத் திறந்து பிடித்தாள்.

"சார், ஏறுங்க. நீங்க ஒரு ரவுண்டு ஓட்டுங்க, பார்க்கலாம்."

"நானா? நான் எத்தனை வருஷமா ஓட்டறேன் தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். அவர் ஓட்டுகிற கம்பெனிக் கார் பழசு, அதில் பேசுகிற கண் எதுவும் கிடையாது. மெஷின் சத்தம் நின்றது. யாரும் கூப்பிடாமலே தையல்காரி ஷட்டரை இறக்கிவிட்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

கடைத்தெருவைத் தாண்டும் முன்பே ஆரம்பித்தது. ஒற்றைக் கையில் ஸ்டியரிங்கைச் சுழற்றியபடி கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். "ஓட்டுநரின் கவனம் சிதறுகிறது." யார் சொன்னது என்று திரும்பினார். "ஓட்டுநரின் கவனம் சிதறுகிறது." வேனை ஒட்டிப் போனார், அப்படித்தான் எப்போதும் போவார். "கவனம்! கவனம்!" அவர் கை இரண்டும் ஸ்டியரிங்குக்கு வந்தது. "தயவுசெய்து உங்கள் தடத்தில் செல்லவும்." "எந்தத் தடம்? எங்க இருக்கு?" என்று அவர் குரல் உயர்ந்தது. சிக்னலில் அடுத்த கீச்சு கேட்டதும் கால் தடுமாறி, என்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. பின்னால் அத்தனை ஹாரனும் ஒன்றாய் அலறின. ஊரே பார்த்தது. எப்படியோ உயிர்கொடுத்து வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

முன்கண்ணாடியில் மினுங்கிய சின்னச் சிவப்பு விளக்கை அப்போதுதான் பார்த்தார்.

"மேடம், இது எல்லாத்தையும் படம் பிடிக்குதா?"

"பிடிக்குது."

"இதையும் போடுவாங்களா?"

"போடுவான். முகத்தை மறைச்சுத்தான் போடுவான். குரல் உங்களோடதா இருக்கும்."

"மேடம், அதை அணைங்க. தயவுபண்ணி அணைச்சிடுங்க" என்றார். கெஞ்சிப் பழகாத குரல், இடறி இடறி வந்தது. பிரேக்கம்மாவின் கை தானாகவே பட்டனைத் தேடிப் போனது.

பின்சீட்டிலிருந்து தையல்காரி அன்று முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"இருக்கட்டும் அக்கா. எனக்கு யாரும் அணைக்கலையே."

புருஷனைக் குத்தத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் அது போய்த் தைத்தது பிரேக்கம்மாவை. இத்தனை நாள் அவள் சின்ன முதலாளியைச் சபித்தாள், சிரித்தவர்களைச் சபித்தாள், இந்த மனிதரைச் சபித்தாள். பட்டன் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருந்தது? அமுக்கினால் அணையும் என்று முதல் நாளே சொன்னானே? தொட மாட்டேன் என்ற வீம்பு அவளுடையது. அந்த வீம்புக்கு விலை கொடுத்தவள் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். வண்டிக்குள் நடந்தது வண்டிக்குள்ளேயே என்று எந்த வாயால் பெருமையடித்தாள்? தன்மேல் வந்த கோபத்தில் அவளுக்குக் கண்ணே இருட்டியது.

பட்டனை அவள் அமுக்கவில்லை. கேமராவைக் கையோடு பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். "தயவுசெய்து" என்று தொடங்கியது அந்தக் குரல். ஒயர் அறுந்து டேஷ்போர்டில் தொங்கியது. நாளைக்கு வேலை இருக்காது என்று தெரிந்தேதான் செய்தாள். திரும்பி அதைத் தையல்காரியின் மடியில் வைத்தாள்.

"கார்டு இதுக்குள்ளதான் இருக்கு. அவரோடது இப்ப உன் கையில. என்ன வேணா செய். அன்னைக்கு உன்னை உட்கார வச்சப்பவே நான் அணைச்சிருக்கணும். செய்யலை. அவன் பண்ணினதுக்கு முன்னாடி நான் பண்ணின தப்பு அது."

தையல்காரி பரவாயில்லை என்று சொல்லவில்லை. கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டாள். அவள் புருஷன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா! வா, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

தையல்காரி இறங்கி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க."

"எதுக்கு?"

"பின்னாடி போய் உட்காருங்க. நான் ஓட்டறேன்."

அவர் பிரேக்கம்மாவைப் பார்த்தார். அவள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டாள். அவர் இறங்கிப் பின்னால் போனார். தையல்காரி சீட்டை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், சாவியைத் திருகினாள். வண்டி ஒரு குலுங்கலும் இல்லாமல் நகர்ந்தது.

கேமராவைப் பிடுங்கியும் சத்தம் போகவில்லை. அது பின்சீட்டுக்கு இடம் மாறியிருந்தது. "மெதுவா, மெதுவா... முன்னாடி ஆட்டோ... இந்தப் பக்கம் ஒதுங்கு... ஐயோ, சைக்கிள்காரன்... நான்தான் சொல்றேன்ல, பிரேக்கைப் பிடி..."

"வாயை மூடிட்டு உட்காருங்க!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள் தையல்காரி. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்பது கட்டிய புருஷனுக்கே புதுச் செய்தி. "ரோட்டைப் பார்க்கிறது நான். ஓட்டறது நான். இன்னொரு வார்த்தை பேசினா இங்கயே இறக்கி விட்டுடுவேன், நடந்து வாங்க!"

பின்சீட்டு அடங்கிப்போனது. பிரேக்கம்மா பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, ஏதாவது தப்பு வருமா, ஒரு வார்த்தையாவது திட்டக் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். தையல்காரி மூன்றாவது கியருக்கு மாற்றினாள்.